பதினோராவது கை

இருபத்தொரு நாற்காலிகள், ஏழு கட்சிகள்.
எங்கள் ஹாலெமேர் நகரசபையை ஆளப்
பதினொரு கைகள் உயர வேண்டும்.
ஆறும் நாலும் பத்து.
அந்தப் பத்துக்குப் பக்கத்தில்
மழையில் விட்டுப்போன சைக்கிள் போலச்
சுவரோரம் நான்:
சிட்ஸ்கே வியார்தா, அக்கரைப் பட்டியல்,
உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று.

எங்களுக்குக் கொள்கை என்று பெரிதாக ஏதுமில்லை.
நின்றுபோன வெள்ளிக்கிழமைப் படகு
மறுபடி ஓட வேண்டும், அவ்வளவுதான்.
மேடையில் வரி பற்றிக் கேட்டார்கள்,
படகு என்றேன்.
வாடகை பற்றிக் கேட்டார்கள்,
எந்தக் கரையில் என்று கேட்டேன்.
சிரித்தார்கள்.
சிரித்தவர்களில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்
வாக்கும் போட்டார்கள்.

போன சபையில் நான் ஒப்புக்குச் சப்பாணி.
என் திருத்தம் வரும் நேரம் பார்த்து
எல்லோரும் காபிக்கு எழுந்து போவார்கள்.
இப்போது காபி என் வீட்டுக்கு வந்தது.

கூட்டணி பேசி முடிக்க நியமித்த ரெம்மெல்ட் ஸைல்மாக்கர்
ஆப்பிள் கேக்கோடு வந்தார்.
நாயின் பெயரைக் கேட்டார், இரண்டு முறை.
என் மேசையில்
பத்துச் சர்க்கரைக் கட்டிகளை வரிசையாக வைத்து
இன்னொன்றை என் பக்கம் நகர்த்தினார்.
எடுத்து என் கோப்பையில் போட்டுக் கலக்கினேன்.
"யோசியுங்கள்," என்றார் வாசலில்.
"இல்லாவிட்டால் ஓபெ இருக்கிறார்."

ஓபெ கல்ஸ்பேக்.
சபையின் இன்னோர் ஒற்றை ஆள்.
அணையை இனி ஒரு சாண்கூட உயர்த்தாதே,
கடல் வரும், போகும் என்பவர்.
அவரும் வந்தார், மறுநாள், கேக் இல்லாமல்.
"இரண்டு பேரும் மாட்டோம் என்போம்.
ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று
பதினொன்று."
எழுதினால் பதினொன்று.
நான் கூட்டிப் பார்த்தேன்.

டென்னிஸ் கிளப்பின் மாடியில்
பட்டாணி சூப்பும் அறுபத்து மூன்று பக்கமும்.
நாற்பத்தேழாவது பிரிவில்
"படகுச் சேவையின் சாத்தியம் ஆராயப்படும்"
என்றிருந்தது.
ஓடும், என்றேன்.
ஓட முயற்சி மேற்கொள்ளப்படும், என்றார்கள்.
ஓடும்.
நிதிநிலை அனுமதித்தால் ஓடும்.
ஓடும்.
ஒரு வினைச்சொல்லுக்கு இரண்டு இரவு.
ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் ஒரு நாரை
ஒற்றைக் காலில் நின்று
எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேரம் பேசியது.

விடிய மூன்றரைக்குக் கொடுத்தார்கள்.
கொடுத்த கையோடு
பன்னிரண்டாம் பிரிவைத் திருப்பிக் காட்டினார்கள்.
ஊர் நீச்சல்குளம்
அக்டோபர் முதல் மார்ச் வரை மூடப்படும்.
எனக்கு நீந்தத் தெரியாது.
படகு கேட்டதே அதனால்தான் என்று
வேடிக்கையாகச் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை, களைத்திருந்தார்கள்.
பேனாவை நீட்டினார்கள். கனமான பேனா.

சபையில் கையைத் தூக்கியபோது
என் ரவிக்கையின் அக்குளில் ஒரு தையல் விட்டது.
சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

நவம்பர், முதல் வெள்ளி.
படகுத்துறையில் நான் எதிர்பார்த்த கூட்டம் இல்லை,
அந்த அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒருவர்கூட.
என்னைத் தவிர ஒரே ஒரு பயணி:
தோளில் துண்டும் நீச்சல் கண்ணாடியுமாக
ஃபாம்கே, வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ.
"அக்கரைக் குளத்துக்கா?"
"இங்கேதான் இல்லையே," என்றாள்.
திட்டியது போலவும் இல்லை.
நன்றி சொன்னது போலவும் இல்லை.

படகோட்டி யெல்மெர் எண்ணிப் பார்க்கவில்லை.
இன்னும் ஒன்பது பேர் வரட்டும் என்று
காத்திருக்கவில்லை.
கயிற்றை அவிழ்த்தான், கிளம்பினோம்.

நடு நீரில்
கோட்டுப் பையில் போன் துடித்தது.
ரெம்மெல்ட்.
நாலு பேர் கட்சி நேற்றிரவு
மூன்றாகவும் ஒன்றாகவும் உடைந்த செய்தி
எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.
மறுபடி கேக், மறுபடி சர்க்கரை,
மறுபடி நாயின் பெயர்.

அடிக்கட்டும்.
கரைக்கு இன்னும் ஆறு நிமிடம்.
ஃபாம்கே மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டிருந்தாள்,
கன்னம் உப்ப,
விரல்களில் எண்ணியபடி.